புதுப்பிப்பு: ஜீப்பின் புரொப்பல்லர் ஷாஃப்ட், நானே பிரித்ததும் பட்டறைக்கு விட்டதும்

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டச் சாலையில் ஓடும் என் பழைய ஜீப், வேகம் அறுபதைத் தாண்டினால் நடுங்கியது, கிளம்பும்போது 'டங்' என்று அடித்தது. எஞ்சின் சுழற்சியைச் சக்கர அச்சுக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட்டை நானே பிரிக்கலாமா, பட்டறையில் கொடுக்கலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. இப்போது நடுக்கம், சத்தம் இரண்டும் நின்றுவிட்டன.

கழற்றும் முன் இரு பாதியிலும் பெயிண்டால் கோடு போடச் சொன்ன அண்ணனுக்கே முதல் மரியாதை. நடுவில் சறுக்கும் ஸ்ப்ளைன் (பல் வெட்டிய இணைப்பு) ஒரு பல் மாறிப் பூட்டினாலும் இரு முனை யோக்குகளும் (மூட்டைப் பிடிக்கும் கவைகள்) ஒரே வாக்கில் நிற்காது. புது கிராஸ் (மூட்டின் நடுவில் இருக்கும் சிலுவை வடிவத் துண்டு) போட்டும் அதிர்வு தொடரும்.

பின்பக்க கிராஸின் கை முனையை மூடும் கிண்ணத்தைத் திறந்தால், கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செங்கல்பொடி போலத் துரு கொட்டியது. ஊசி பேரிங்குகள் கிராஸின் கைகளில் வரிவரியாகப் பள்ளம் போட்டிருந்தன. பிரஸ் இல்லை, வைஸையும் இரண்டு சாக்கெட்டுகளையும் வைத்தே கிண்ணங்களைத் தள்ளி எடுத்தேன்.

எதிர்பாராதது ஒன்று: புது கிராஸ் பூட்டியதும் மூட்டு கையால் அசையவே இல்லை. யோக்கின் காதில் சுத்தியலால் லேசாகத் தட்டினேன். கிண்ணங்கள் அவற்றைப் பிடித்து நிறுத்தும் வளையமான சர்க்கிளிப்பில் போய் உட்கார்ந்து, மூட்டு இளகிவிட்டது. பின்னால் தேடி வருபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.

பேலன்ஸ் மட்டும் நாகர்கோவில் பட்டறையில் பார்த்தேன். குழாயில் பற்றவைத்திருந்த எடைத் தகடு விழுந்து, தடம்தான் மிச்சமிருந்தது. அதற்கு மிஷின் வேண்டும். கிராஸ் மாற்ற மட்டும் கூலி கொடுப்பது என் கணக்கில் வீண். குழாய் வளைந்திருந்தாலோ ஸ்ப்ளைன் ஆடினாலோ யோசிக்காமல் பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள். கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் அடிக்கும் வாய்) உள்ள கிராஸாகக் கேட்டு வாங்குங்கள். இங்கே இரண்டு பருவமழையும் உண்டு, நான்கு முனையிலும் பழைய கிரீஸ் பிதுங்கும்வரை அடிக்க வேண்டும்.