மறு: கன்ட்ரோல் கேபிளுக்கு ‘வடம்’ பொருந்துமா?

அன்பர்களுக்கு வணக்கம். படகு மோட்டார் பாகங்களுக்கு நாம் தேடிவரும் தமிழ்ப் பெயர்களில், லிவரையும் எஞ்சினையும் இணைக்கும் கன்ட்ரோல் கேபிளுக்கு வந்த யோசனை முதலில்:

> ‘கட்டுப்பாட்டு வடம்’ என்றே வைத்துவிடலாமே. வடம் நம்மிடம் உள்ள நல்ல சொல்தானே.

நல்ல சொல்தான். ஆனால் படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டாருக்கு ஆகாது. போன வாரம் இங்கே மும்பையில், கொலாபா பக்கம் நிற்கும் ஒரு படகில் 40 குதிரைத்திறன் மோட்டாரின் கேபிள் இரண்டையும் (கியருக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று) மாற்றினோம். அப்போதுதான் இது உறைத்தது.

தேர்வடம் இழுக்க மட்டுமே. அதைப் பிடித்துத் தேரைத் தள்ள முடியாது. அதற்குப் பின்னாலிருந்து நெம்ப வேண்டும். சைக்கிள் பிரேக் கேபிளும் வடம்தான்: பிடித்தால் இழுக்கும், விட்டால் ஸ்பிரிங்தான் அதைத் திருப்பிக் கொண்டுவரும். படகின் கியர் கேபிள் அப்படியில்லை. முன் கியரோ ரிவர்ஸோ, ஒன்றுக்குத் தள்ளியாக வேண்டும், மற்றதற்கு இழுத்தாக வேண்டும். இரண்டையும் ஒரே உள்கம்பி செய்கிறது. அதனால்தான் உள்ளே விறைப்பான எஃகுக் கம்பி, தள்ளும்போது அது வளைந்துவிடாதபடி சுற்றிலும் இறுக்கமான உறை. உறை வெடித்து உப்புத்தண்ணீர் புகுந்தால் உள்ளே துரு, லிவர் கனக்கும். (எஞ்சின் பக்க முனையைக் கழற்றிவிட்டு லிவரை அசைத்துப் பாருங்கள். அப்போதும் கனத்தால் கோளாறு கேபிளிலோ லிவர் பெட்டியிலோ, எஞ்சினைத் திட்டாதீர்கள்.) எண்ணெய் விட்டுச் சமாளிப்பது நாலு நாள் கதை. ஒன்று போனால் ஜோடியாக மாற்றிவிடுவதே நல்லது, இரண்டும் ஒரே வெயிலையும் உப்பையும் தின்றவை.

எனவே நான் ‘உந்திழு கம்பி’ என்று முன்மொழிய இருந்தேன். எங்கள் மெக்கானிக் தூத்துக்குடிக்காரர், தாராவியில் வீடு. அவரிடம் சொன்னதும், “தள்ளுகம்பின்னா போதாதா சார்?” என்றார். போதும் என்றுதான் எனக்கும் படுகிறது. எந்தக் கேபிளும் இழுக்கும். இது தள்ளும், அதுதானே வித்தியாசம். சில நாலு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் வால்வை இயக்கும் ‘தள்ளுதண்டு’ உண்டு, குழம்பாதா என்று கேட்பீர்கள். அது தண்டு, இது கம்பி. ஆகவே கியர் தள்ளுகம்பி, வேகத் தள்ளுகம்பி.

> பிரைமர் பல்ப் = முதலூட்டுக் குமிழ்

முதலூட்டு என்றால் குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போல இருக்கிறது; குமிழ் என்றால் இலங்கை அன்பர்கள் மின்விளக்கைத் தேடுவார்கள். தொட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவே குழாயில் இருக்கும் ரப்பர் பந்து அது. உள்ளே இரண்டு ஒருவழி வால்வுகள், மேலே எஞ்சின் பக்கம் காட்டும் அம்புக்குறி. அமுக்க அமுக்க பெட்ரோல் ஏறி, கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் பந்து இறுகும். இறுகவே இல்லையென்றால் எங்கோ காற்று வாங்குகிறது, அல்லது வால்வு போய்விட்டது. ‘அமுக்குப்பந்து’ என்றால் பார்த்தவுடன் கை தானாகப் போகும்.

பெட்ரோலில் சேரும் தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டிக்கு வந்த ‘நீர்பிரி வடிகட்டி’யில் எனக்கு மறுப்பில்லை. பங்க்கில் இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் கெடுக்கும். அந்த வடிகட்டியின் பேர் இனி அடிக்கடி வாயில் வரும்.

ஒன்று பாக்கி. தள்ளுகம்பியின் முனையில், நியூட்ரல் சரியாக நிற்கும்படி நீளத்தைத் திருகிச் சரிசெய்யும் மரைத்துண்டு ஒன்று உண்டு. அதற்கு ஒரு சொல் தாருங்கள். நாங்கள் ‘நட்டு’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். “நட்டை எடு” என்றால் பையன் ஒவ்வொரு தடவையும் வேறொன்றைத்தான் நீட்டுகிறான்.