புதுப்பிப்பு: ‘மேலும் காட்டு’ பொத்தானுக்குப் பின்னால் இருந்த குறிப்புகள் கூகுளில் வந்துவிட்டன

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. என் சமையல் தளத்தில் முதல் 20 குறிப்புகள் மட்டுமே கூகுள் தேடலில் வருகின்றன, ‘மேலும் காட்டு’ பொத்தானை அழுத்தினால் தெரியும் மற்றவை ஏன் வருவதில்லை என்று கேட்டிருந்தேன். கூகுள்பாட் (தேடலுக்காகப் பக்கங்களைப் படிக்கும் கூகுளின் நிரல்) பக்கத்தில் உள்ள ஜாவாஸ்கிரிப்ட் நிரலை இயக்கிப் பார்க்கும், ஆனால் பொத்தானை அழுத்தாது என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் சரி. பொத்தானை எடுத்துவிட்டு, அடுத்தடுத்த பக்கங்களுக்குத் தனி முகவரி கொடுத்து, சாதாரண ஹெச்ரெஃப் இணைப்பு (அந்த முகவரியை நேரடியாகக் காட்டும் லிங்க்) வைத்தேன். 3 வாரத்தில் பெரும்பாலானவை ஏறிவிட்டன.

எதிர்பாராத ஒன்று: என் சைட்மேப்பை (தளத்தின் பக்கங்களைக் கூகுளுக்குப் பட்டியலிடும் கோப்பு) உருவாக்கும் நிரல் தினமும் எல்லாப் பக்கங்களுக்கும் லாஸ்ட்மாட் (கடைசியாகத் திருத்திய) தேதியை அன்றைய தேதியாக மாற்றிக்கொண்டிருந்தது. தேதி நம்பும்படி இல்லையென்றால் கூகுள் அதைக் கண்டுகொள்ளாது. இப்போது உண்மையில் திருத்திய நாளை மட்டும் போடுகிறேன். அப்புறம், சைட்மேப்பில் வரும் பிரையாரிட்டி (பக்கம் எவ்வளவு முக்கியம்), சேஞ்ச்ஃப்ரீக் (எவ்வளவு அடிக்கடி மாறும்) இரண்டையும் கூகுள் பார்ப்பதே இல்லை. அவற்றை நிரப்பி ஒரு மாலையை வீணாக்கியிருந்தேன்.