ஏ.சி. இல்லாத கோத்தகிரி வீட்டுக்கு ரெண்டு மாசத்துல 790 யூனிட். எங்க போகுது இந்தக் கரண்ட்?

கோத்தகிரி மருமகள்:

வணக்கம். ரெண்டு நாளா இதே யோசனையா இருக்கேன், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. இந்த ஜனவரி கணக்கெடுப்புல எங்க வீட்டுக்கு 790 யூனிட், 4,676 ரூபாய். போன ஜனவரியில இதே ரெண்டு மாசத்துக்கு 390 யூனிட்தான். பழைய அட்டையை எடுத்து வச்சு மூணு தடவை பார்த்துட்டேன், ரீடிங் எழுதினதுல தப்பில்ல. தேதியும் சரியா அறுபது நாள்.

வீட்ல நான், வீட்டுக்காரர், அத்தை, மாமா, பத்தாவது படிக்கிற பையன். பழைய காலத்து ஓட்டு வீடு, பின்னாடி பாத்ரூம் மட்டும் பிறகு கட்டினது. ஃப்ரிட்ஜ், டிவி, மிக்ஸி, கிரைண்டர், அரை எச்.பி. மோட்டார், 25 லிட்டர் கீசர். ரூம் ஹீட்டர் கிடையாது. ஃபேன் ஒண்ணு இருக்கு, அதையும் மழைக்காலத்துல துணி காயப் போடத்தான் ஓட்டுவோம்.

மாறினது ஒண்ணே ஒண்ணு. நவம்பர்ல மாமாவுக்கு ஆபரேஷன் ஆச்சு. ராத்திரி ரெண்டு மூணு தடவை எந்திரிப்பார், கை கால் கழுவ வெதுவெதுப்பா வேணும். அதனால கீசர் சுவிட்சை அணைக்கிறதே இல்ல. முன்னெல்லாம் காலையில ஒரு மணி நேரம்தான் போடுவோம், மீதிக்கு விறகு பாய்லர்.

பில் வந்த அன்னிக்கு நாங்க பேசினது மாமா காதுல விழுந்துருச்சு. ரெண்டு நாளா பச்சைத் தண்ணியிலயே கழுவிக்கிறார். விடிகாலையில புல்லு மேல உறைபனி நிக்கிற குளிருங்க இது. கேட்டா "எனக்கு ஒண்ணும் இல்லம்மா"ங்கிறார். பணத்தைக் கட்டிடலாம், ஆனா காரணம் தெரியாம இவரை எப்படி சமாதானப்படுத்தறது?

மேட்டுப்பாளையம்காரன்:

அக்கா, காரணத்தை மலையில இருக்கிறவங்க சொல்லட்டும். பில் ஏன் இவ்வளவு பயமுறுத்துதுன்னு நான் சொல்றேன், ஏன்னா ஒவ்வொரு மே மாசமும் நாங்க படற பாடு இது.

உங்க யூனிட் ரெண்டு மடங்குதான் ஆகியிருக்கு, ரூபாய் நாலு மடங்கு ஆகியிருக்கு. 2024 ஜூலையில மாறின கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள்ள இருந்தா 101-லேருந்து 200 வரைக்கும் யூனிட் 2.35, அப்புறம் 400 வரைக்கும் 4.70, 500 வரைக்கும் 6.30. ஆக 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 501 ஆயிட்டா அந்த 2.35 சலுகையே போயிரும், 101-லேருந்தே 4.70 போட்டுருவாங்க. 501 யூனிட்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க, 2,048 வரும். அந்த ஒத்த யூனிட்டுக்கு 243 ரூபாய்! அதுக்கு மேல 600 வரைக்கும் 8.40, 800 வரைக்கும் 9.45. உங்களுக்குக் கூடின 400 யூனிட்ல முக்கால்வாசி இந்த மேல்படியில விழுந்திருக்கு.

எங்க ஊர்ல இதே 790 வந்தா யாரும் யோசிக்கவே மாட்டாங்க, ஏ.சி.ன்னு சொல்லிருவாங்க. 18-ல வச்சுட்டுப் போர்வையைப் போர்த்திப் படுக்கிறவங்களை 26-க்கு மாத்தச் சொன்னாலே பில் நல்லா இறங்கும். ஒரு டிகிரி கூட்டினா சுமார் ஆறு சதவீதம் மிச்சம்னு எரிசக்தித் துறையே சொல்லுது. 2020-லேருந்து விக்கிற ஏ.சி. எல்லாம் போட்டவுடனே 24-லதான் நிக்கணும்னு விதியும் இருக்கு. கீசர் எங்களுக்குத் தேவையே இல்ல, மத்தியானம் குழாயைத் திறந்தா கை வைக்க முடியாது. உங்களுக்கு அப்படியே தலைகீழ்.

நாயுடுபுரத்திலிருந்து:

கொடைக்கானல்ல இருந்து எழுதறேன். இதுல துப்பறிய ஒண்ணும் இல்லைங்க, கீசரை ரெண்டு மாசம் அணைக்காம விட்டீங்க, அதுதான். எங்க தெருவுல இப்படிப் பில் வந்த வீடு நாலஞ்சு இருக்கு. சுவிட்சை அணைச்சுப் பழகுங்க. மாமாவுக்கு ஃபிளாஸ்க்ல ஊத்தி வைங்க.

மஞ்சூர் லைன்மேன் (ஓய்வு):

அவசரப்பட்டு அந்தப் பெரியவர் தலையில பழியைப் போட்டுற வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்த்துட்டுப் பேசுவோம்.

போன வருஷத்தை விட 400 யூனிட் கூட. அறுபது நாளுக்குப் பிரிச்சா ஒரு நாளைக்கு ஆறரை யூனிட்டுக்கு மேல. கீசர் நாள் பூரா ஆன்ல கிடந்தாலும் ஹீட்டர் நாள் பூரா எரியாது. தண்ணி சூடானதும் தெர்மோஸ்டாட் அணைச்சுரும், ஆறினா மறுபடி போடும். 25 லிட்டர் கீசர்ல சும்மா நிக்கிற தண்ணியைச் சூடா வச்சுக்கறதுக்கு ஒரு நாளைக்கு ஒரு யூனிட் சுமார். ரொம்பப் பழசுன்னா இன்னும் கொஞ்சம். இதுல 60, 70 யூனிட் போச்சு.

அடுத்து மாமா. இப்போ உங்க தொட்டித் தண்ணி 12 டிகிரின்னு வைங்க. 25 லிட்டரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக 1.4 யூனிட் ஆகும். இது இயற்பியல், எந்தக் கம்பெனி கீசரா இருந்தாலும் மாறாது. ராத்திரி மூணு தடவை கை கால் கழுவ கொதி தண்ணி பத்து லிட்டர் எடுத்தாருன்னாலும் அரை யூனிட்டுக்குச் சித்தக் கூட. ரெண்டு மாசத்துக்கே முப்பது, முப்பத்தஞ்சு யூனிட்தான் அவர் கணக்கு. இதை அவர்கிட்ட இப்பவே போய்ச் சொல்லுங்கம்மா.

ஆக நூறு யூனிட்டுக்குக் கணக்கு தெரிஞ்சது. மீதி முந்நூறு, அதாவது தினம் அஞ்சு யூனிட், வேற எங்கேயோ போகுது. அதைத்தான் தேடணும்.

முதல்ல மீட்டர் கிட்டப் போங்க. சிவப்பு லைட் ஒண்ணு சிமிட்டும், பக்கத்துல 3200-ன்னோ 1600-ன்னோ எழுதியிருக்கும். அத்தனை தடவை சிமிட்டினா ஒரு யூனிட். வீட்டு மெயின் போர்டுல இருக்கிற எல்லா எம்.சி.பி. சுவிட்சையும் இறக்கிட்டுப் பத்து நிமிஷம் பாருங்க. அப்பவும் சிமிட்டினா மீட்டருக்கும் போர்டுக்கும் நடுவுல வேற யாரோ இழுக்கிறாங்க, இல்ல மீட்டர்ல கோளாறு. அப்படின்னா பிரிவு அலுவலகத்துல எழுதிக் கொடுத்து மீட்டரைச் சோதிக்கச் சொல்லலாம், அதுக்குக் கட்டணம் உண்டு. சிமிட்டலைன்னா ஒவ்வொண்ணா ஏத்திக்கிட்டே வாங்க. வயரிங்ல எதையும் கழட்ட வேண்டாம், கண்ணால பார்த்தா போதும்.

கோத்தகிரி மருமகள்:

ஐயா, உங்க பதிலை அப்படியே மாமாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். ஒண்ணும் பேசல. ஆனா ராத்திரி சுடுதண்ணிக் குழாயைத் திறந்த சத்தம் கேட்டுச்சு. உங்களுக்குப் புண்ணியமா போகும்.

இப்போ மீட்டர் விஷயம். எங்களுது 3200. எல்லாத்தையும் இறக்கினதும் லைட் அசையவே இல்ல. ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடறப்ப பதினோரு செகண்டுக்கு ஒரு தடவை. கீசர் எரியறப்ப செகண்டுக்குக் கிட்டத்தட்ட ரெண்டு. பையன் கணக்குப் போட்டு ஃப்ரிட்ஜ் 100 வாட், கீசர் 2000 வாட்டுன்னு சொன்னான்.

அவன் இன்னொண்ணும் பார்த்தான். பரிட்சைக்குப் படிக்கிறதால ஒரு மணி வரைக்கும் முழிச்சிருப்பான். பதினொண்ணரையிலேருந்து ஒரு மணிக்குள்ள, யாரும் குழாயைத் தொடாம, கீசர் லைட் ரெண்டு தடவை எரிஞ்சு அணைஞ்சதாம். தெர்மோஸ்டாட் போயிருச்சா?

மஞ்சூர் லைன்மேன் (ஓய்வு):

தம்பி நல்லாப் பார்த்திருக்கான். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிச்சுன்னா லைட் அணையவே அணையாது, தண்ணி கொதிச்சு மேல வால்வுல ஆவியா வரும். உங்களுக்கு எரிஞ்சு அணையுது, அப்போ அது வேலை செய்யுது. ஒண்ணரை மணி நேரத்துல ரெண்டு தடவை எரியுதுன்னா உள்ள இருக்கிற தண்ணி சீக்கிரம் குளிருது. கீசரைச் சுத்தியிருக்கிற பஞ்சு வீணாயிருக்கணும், இல்லாட்டி சூடான தண்ணி வெளிய போய் பச்சைத் தண்ணி உள்ள வருது.

ரெண்டுல எதுன்னு கண்டுபிடிக்க ஒரு கருவியும் வேண்டாம். ராத்திரி பத்து மணிக்கு லைட் அணையற வரைக்கும் காய வைங்க. அப்புறம் சுவிட்சை அணைச்சிருங்க. மாமாவுக்கு வேணுங்கிறதை முன்னாடியே ஃபிளாஸ்க்ல எடுத்துக்குங்க, யாரும் சுடுதண்ணிக் குழாயைத் தொடக் கூடாது. காலையில ஆறு மணிக்குத் திறந்து, முதல்ல பைப்புல நிக்கிறது போனப்புறம் கையை வச்சுப் பாருங்க. எட்டு மணி நேரத்துல நல்ல கீசர் பத்துப் பதினஞ்சு டிகிரிக்கு மேல இறங்காது, சுடணும். ஐஸ் மாதிரி வந்தா உள்ள இருந்த 25 லிட்டரும் ராத்திரியே எங்கேயோ போயிருச்சுன்னு அர்த்தம்.

நம்ம தினம் அஞ்சு யூனிட்டைத் தண்ணியா மாத்தினா 90 லிட்டர் வரும். மணிக்கு நாலு லிட்டர் கூட இல்ல. குழாய் நூல் மாதிரி ஒழுகினாலே போதும் அது.

கோத்தகிரி மருமகள்:

காலையில ஆறு மணிக்கு நான், வீட்டுக்காரர், பையன் மூணு பேரும் பாத்ரூம் வாசல்ல நின்னோம். ஒரு வாளி புடிச்சோம். பச்சைத் தண்ணிங்க ஐயா. வெதுவெதுப்பு கூட இல்ல.

ஆனா எந்தக் குழாயும் ஒழுகல. பாத்ரூம் சுவர்ல ஈரம் இல்ல, கீசருக்கு அடியிலயும் சொட்டு இல்ல. தொட்டி முன்னை விடச் சீக்கிரம் காலியாகுதுன்னு அத்தை தீபாவளிலேருந்தே சொல்லிட்டிருந்தாங்க. மாமாவைப் பார்க்க ஆளுங்க வந்து போனதால நாங்க அதைக் காதுல போட்டுக்கல.

குன்னூர் பிளம்பர்:

அக்கா, பாத்ரூம் பிறகு கட்டினதுன்னு சொன்னீங்க. கீசர்லேருந்து சமையல்கட்டுக்கும் சுடுதண்ணி லைன் போகுதா? போனா தரைக்குள்ளயா, சுவர் மேலயா? ஜிஐ பைப்பா, அதாவது துத்தநாகம் பூசின இரும்பா இருந்தா பதினஞ்சு இருபது வருஷத்துல எல்போ, அதாவது பைப் வளையற முட்டு கிட்ட துரு புடிச்சு ஊசித் துளை விழும். நம்ம மலையில வீடே சரிவுலதான நிக்குது, தரைக்குள்ள ஒழுகினா மேல வராது, அப்படியே கீழ இறங்கிப் போயிரும். வெறுங்காலோட நடந்து பாருங்க. தரை துடைச்சா எந்த இடம் முதல்ல காயுதுன்னும் பாருங்க.

கோத்தகிரி மருமகள்:

இதைப் படிச்சதும் எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. பாத்ரூமுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவுல ஒரு நடை இருக்கு. இந்தக் குளிர்ல தரை துடைச்சா மத்தியானம் வரைக்கும் காயாது, அந்த நடையில ஒரு ஓரம் மட்டும் அரை மணி நேரத்துல காஞ்சுரும். வெளிச்சம் படற இடம்னு நெனச்சுட்டிருந்தேன். அத்தை ரெண்டு மாசமா அங்கதான் உக்காந்து பட்டாணி உரிக்கிறாங்க. முன்னெல்லாம் அடுப்பு கிட்டதான் உக்காருவாங்க. "அங்க உக்காந்தா இடுப்பு வலி தெரியலைம்மா"ன்னு சொல்லுவாங்க. இப்போ கையை வச்சுப் பார்த்தேன். சூடு.

குன்னூர் பிளம்பர்:

அதேதான். கீசரை அணைச்சிட்டு, சமையல்கட்டு லைன் பிரியற இடத்துல வால்வு இருந்தா மூடுங்க. இல்லைன்னா கீசருக்குத் தண்ணி வர்ற பைப்புல இருக்கிற ஆங்கிள் வால்வை மூடுங்க. கீசர் காலியா இருக்கறப்ப மட்டும் சுவிட்ச் போட்டுறாதீங்க. உடைக்கிறப்ப பைப் தேடித் தரை பூரா உடைக்க விடாதீங்க, அந்தச் சூடான இடத்துல ஒண்ணரை அடி போதும். பழைய லைனை அப்படியே கைவிட்டுட்டு, சுடுதண்ணி தாங்கற சிபிவிசி பிளாஸ்டிக் பைப்பைச் சுவர் மேல இழுத்து, ஃபோம் உறை மாட்டிக்குங்க. பார்க்க அழகா இருக்காது, ஆனா அடுத்த தடவை ஒழுகினா கண்ணுக்குத் தெரியும்.

கோத்தகிரி மருமகள் (ஒன்பது நாள் கழித்து):

எல்லாருக்கும் சொல்லணும்னு காத்திருந்தேன். தரையை உடைச்சதும் எல்போவுல துரு, அடியில மண்ணெல்லாம் சேறு. புது லைன் சுவர் மேல போட்டாச்சு. அன்னிலேருந்து தினம் காலை ஏழு மணிக்குப் பையன் ரீடிங் எழுதறான். முன்னாடி நாளைக்குப் பதிமூணு யூனிட் ஓடின மீட்டர் இப்போ ஏழு, ஏழேகால்தான் ஓடுது. கீசர் இன்னமும் ராத்திரி ஆன்லதான் இருக்கு, மாமாவுக்காக. தெர்மோஸ்டாட்டை மட்டும் 50-க்குக் குறைச்சோம். இப்படியே போனா 440-க்குள்ள நிக்கும்னு பையன் சொல்றான், 500 தாண்டாது.

ஒரு விஷயம் இப்பத்தான் புரிஞ்சுது. போன வருஷமே அந்தத் துளை இருந்திருக்கலாம். அப்போ கீசர் காலையில ஒரு மணி நேரம்தான் எரிஞ்சது, மீதி நேரம் ஒழுகினது வெறும் பச்சைத் தண்ணி. மீட்டர்ல எப்படித் தெரியும்?

அத்தைக்கு அந்த இடத்துல இப்போ கம்பளி மடிச்சுப் போட்டிருக்கோம்.

அரவேணு வாசகர்:

சகோதரி, ஒண்ணு கேக்கணும். தினம் 90 லிட்டர்னா ரெண்டு மாசத்துல அஞ்சாயிரம் லிட்டருக்கு மேல உங்க வீட்டுக்கு அடியில இறங்கியிருக்கு. வீட்டுக்குக் கீழ தடுப்புச் சுவர் இருக்கா? 2009 நவம்பர்ல இந்த மலையில மண் சரிஞ்சதைப் பார்த்தவன் நான், அதனாலதான் கேக்கறேன். சுவர் எங்கேயாவது உப்பியிருக்கா, விரிசல் இருக்கா, தண்ணி வடியற ஓட்டையெல்லாம் அடைபடாம இருக்கான்னு பாருங்க.

கோத்தகிரி மருமகள்:

இருக்குங்க அண்ணா, கல்லுக்கட்டு. இன்னிக்கு வீட்டுக்காரரும் கீழ் வீட்டு அண்ணனும் போய்ப் பார்த்தாங்க. விரிசல் இல்ல. ஒரு ஓட்டையிலேருந்து மட்டும் மார்கழி பூரா தண்ணி வந்துட்டே இருந்துச்சாம், ஊத்துத் தண்ணின்னு நெனச்சு கீழ் வீட்டு அண்ணன் அதுக்குக் கீழ புதினா நட்டிருக்கார். இப்போ நின்னுருச்சு. மத்த ரெண்டு ஓட்டையில வேர் அடைச்சிருந்ததைக் குத்தி எடுத்துட்டாங்க. கோடை மழைக்கு முன்னாடி ஒரு கொத்தனாரைக் கூட்டிட்டு வந்து காட்டப் போறோம்.