அப்டேட்: யூரோப்பியன் ஸ்டடீஸ் மாஸ்டர்ஸ், ஸ்காலர்ஷிப் விவரம்

ஹிஸ்டரி, பொலிட்டிக்கல் சயின்ஸ் முடிச்சவங்க ஐரோப்பாவுல யூரோப்பியன் ஸ்டடீஸ் (ஐரோப்பாவோட அரசியல், வரலாறு, பண்பாடு பத்தின படிப்பு) படிக்க என்ன வழின்னு போன த்ரெட்ல எழுதியிருந்தேன்ல, அதுல எல்லாரும் கேட்டது காசுக்கு என்ன பண்றதுன்னு தான்.

ஐரோப்பிய ஒன்றியம் மாஸ்டர்ஸ் படிக்கிறவங்களுக்கு குடுக்குற இராஸ்மஸ் முண்டஸ் ஸ்காலர்ஷிப் கிடைச்சா மாசம் 1,400 யூரோ, படிப்பு ஃபீஸ் கட்ட வேணாம், ஆனா ஃப்ளைட், விசா, ரூம் வாடகை எல்லாம் அந்த 1,400-க்குள்ள தான், அதனால கிளம்புறப்ப கையில கொஞ்சம் பணம் கண்டிப்பா வேணும். வருஷத்துக்கு மூணு கோர்ஸ் தான் அப்ளை பண்ணலாம்னு இருந்த பழைய ரூல் இப்ப இல்ல.

யூரோகல்ச்சர்னு ஒரு இராஸ்மஸ் முண்டஸ் மாஸ்டர்ஸ் இருக்கு, அது மாதிரி ரெண்டு ஊர்ல படிக்கிற கோர்ஸுக்கு, ஏன் படிக்க விரும்புறீங்கன்னு சொல்ற மோட்டிவேஷன் லெட்டர் எழுதுறப்ப "சின்ன வயசுலேந்தே ஐரோப்பான்னா ஆசை"ன்னு ஆரம்பிக்காதீங்க ப்ளீஸ். 2004-ல போலந்து ஐரோப்பிய ஒன்றியத்துல சேர்ந்தப்புறம் அங்க என்ன மாறுச்சு, அதை ஏன் போலந்துல இருக்குற கிராக்கோவ்லயே இருந்து படிக்கணும், இப்படி ஒரே ஒரு கேள்வியை கெட்டியா புடிச்சு எழுதுங்க, அந்த ஊரை ஏன் எடுத்தீங்கன்னு தானா புரியும்.

பெல்ஜியத்துல ப்ரூஜ் ஊர்ல 1949-லேந்து நடக்குற, யூரோப்பியன் ஸ்டடீஸுக்கான காலேஜ் ஆஃப் யூரோப் போகணும்னா நிறைய கோர்ஸுக்கு இங்கிலீஷ் மட்டும் பத்தாது, ஃப்ரெஞ்சை இப்பவே ஆரம்பிச்சிடுங்க.

அப்புறம் டிகிரி முடிச்சவங்களுக்கு ஐரோப்பிய கமிஷனோட (ஒன்றியத்தோட நிர்வாக அமைப்பு) ப்ளூ புக் ட்ரெய்னிஷிப், அஞ்சு மாசம், சம்பளத்தோட, மார்ச்லயும் அக்டோபர்லயும் தொடங்கும், ஒன்றியத்துக்கு வெளியில இருந்து வர்றவங்களுக்கும் கொஞ்சம் இடம் உண்டு.