டிராப் இண்டெக்ஸ்: அடைவு நீக்கமா, அடைவு களைதலா?

குழுவினருக்கு வணக்கம்.

தரவுத்தளப் பாடக் குறிப்புக்காக ‘டிராப் இண்டெக்ஸ்’ கட்டளைக்கு, அதாவது தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸை எடுத்துவிடும் கட்டளைக்கு, தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். இதுவரை வந்தவை: சுட்டெண் நீக்கம், குறியீட்டெண் அழித்தல், அட்டவணை வீழ்த்தல். கடைசியை இப்போதே விட்டுவிடலாம். தரவு இருக்கிற டேபிளைத்தான் எல்லோரும் அட்டவணை என்கிறோம். அதைப் படிக்கிற மாணவர் டேபிளையே தூக்கிவிட்டு வந்து நிற்பார். குறியீட்டெண், விலைவாசிக்கும் பங்குச்சந்தைக்கும் போய்விட்டது. சுட்டெண் பரவாயில்லை, ஆனால் இண்டெக்ஸ் என்பது எண் அல்லவே. மதிப்புகளை வரிசைப்படுத்தி, எந்த மதிப்பு எந்தப் பதிவில் இருக்கிறது என்று காட்டும் தனி அமைப்பு அது.

அதனால் ‘அடைவு’ என்கிறேன். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1960களின் இறுதியில் பழந்தமிழ் இலக்கியத்துக்குச் சொல்லடைவு கொண்டுவந்ததே, அதே அடைவுதான். ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று பாட்டு முழுவதையும் புரட்டாமல் கண்டுபிடிக்கத்தான் அது. இங்கேயும் வேலை அதுவே.

அடுத்தது வினைச்சொல். ‘அழித்தல்’ எனக்கு ஒப்பவில்லை. இண்டெக்ஸை எடுத்தால் தரவில் ஒரு எழுத்துகூடப் போவதில்லை. கடலூரில் பத்திர எழுத்தர் யாரையாவது கேட்டால் இது உடனே விளங்கும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு பதிவு அலுவலகங்களில் நான்கு இண்டெக்ஸ்கள் வைக்கச் சொல்கிறது. முதலாவது ஆட்களின் பெயர் வழி, இரண்டாவது சொத்து விவரத்தின் வழி. இரண்டாவது காணாமல் போனாலும் பத்திரம் பதிவான புத்தகம் அப்படியே இருக்கும், கிரயமும் செல்லும். வில்லங்கம் பார்க்கத்தான் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டிவரும். இண்டெக்ஸ் இல்லாதபோது தரவுத்தளமும் டேபிள் முழுவதையும் படித்துத்தான் விடை சொல்லும். பதிலுக்கு, புதிய பதிவைச் சேர்க்கும்போது இண்டெக்ஸையும் திருத்துகிற வேலை மிச்சம், வட்டில் இடமும் மிச்சம். யாரும் தேடப் பயன்படுத்தாத இண்டெக்ஸை எடுப்பதே அதற்காகத்தான்.

ஆடை களைதல் என்கிறோம், உடம்புக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆகவே ‘அடைவு களைதல்’. உங்கள் கருத்து?

கடலூரிலிருந்து

•

ஐயா, வணக்கம்.

களைதல் நன்றாக இருக்கிறது. இரண்டு சந்தேகங்கள்.

லினக்ஸ் இயங்குதளத்தின் தமிழாக்கத்தில், கோப்புகளை வைக்கும் டைரக்டரிக்கும் ‘அடைவு’ என்று எழுதியிருக்கிறார்கள். குழப்பாதா?

அப்புறம், டிராப் என்ற அதே வினை டேபிளுக்கும் உண்டு. அங்கே தரவும் சேர்ந்தே போகிறது, உடம்பும் மிஞ்சாது! ஒரு கட்டளைக்கு இரண்டு தமிழ் வினைகள் வைத்தால் எங்கள் மாணவர்கள் என்னைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

‘நீக்கம்’ என்பதை நீங்கள் எடுக்காததும் சரிதான். டெலிட், ரிமூவ், டிராப் எல்லாவற்றுக்கும் அதையே போட்டுப் போட்டு அந்தச் சொல் தேய்ந்துவிட்டது.

புதுச்சேரியிலிருந்து

•

அம்மா, நன்றி.

டைரக்டரிக்கு இப்போது பெரும்பாலும் கோப்புறை என்றே எழுதுகிறோம். குழப்பம் வருகிற இடத்தில் ‘தேடல் அடைவு’ என்று போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது கேள்வி சரியான கேள்வி. ஆடை உவமையை நான் கொஞ்சம் அதிகமாகவே நம்பிவிட்டேன் போலிருக்கிறது, அதை விடுவோம். டெலிட் பதிவுகளை எடுக்கும், டேபிள் இருக்கும். டிரங்கேட் டேபிளைக் காலியாக்கும், அப்போதும் டேபிள் இருக்கும். டிராப் மட்டும்தான் அந்தப் பொருளையே, அதன் வரையறையோடு எடுத்துவிடுகிறது. களை பிடுங்குவது வேரோடு பிடுங்குவதுதானே. ஆக அழித்தல், காலியாக்கல், களைதல் என்று மூன்றும் பிரிந்து நிற்கும், டேபிளுக்கும் ‘களை’ பொருந்தும்.

மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளின் 8.0 பதிப்பில் இண்டெக்ஸைக் களையாமல் தேடலின் கண்ணுக்கு மட்டும் படாமல் வைக்க முடிகிறது. அதற்கு ‘அடைவு மறைத்தல்’. களைவதற்கு முன் மறைத்துவைத்து, எந்தத் தேடல் மெதுவாகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில் சாதாரண டிராப் இண்டெக்ஸ், டேபிள் முழுவதையும் பூட்டிக்கொண்டுதான் களையும். 2012இல் வந்த 9.2 பதிப்பிலிருந்து, படிப்பதையும் எழுதுவதையும் தடுக்காமல் களைய ‘கன்கரண்ட்லி’ என்று சேர்க்கலாம். இதற்கு ‘உடனிகழ்வாக’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ‘தடுக்காமல் களை’ என்றே வைத்திருக்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று குறிப்பு அச்சுக்குப் போகிறது.