1.5 மிமீ எஸ்யுஎஸ் 304 மூடி: ஃபிளாட் சரியா வருது, வளைச்சா நடு மட்டும் 0.8 கூடுது

பிறை_ஷீட்மெட்டல்:

வணக்கம். யு வடிவ மூடி, 1.5 மிமீ எஸ்யுஎஸ் 304 ஸ்டெயின்லெஸ் தகடு. வெளி அளவுல நடு 100, ரெண்டு பக்கக் காதும் 30. இன்வென்டர் டிசைன் சாஃப்ட்வேர்ல ஃபிளாட் பேட்டர்ன் (வளைக்கிறதுக்கு முன்னாடி இருக்கிற விரிச்ச வடிவம்) எடுத்தா நீளம் 154.79. லேசர் வெட்டி வந்த தகட்டை வெர்னியர்ல அளந்தேன், 154.8 இருக்கு. பெண்டிங் முடிஞ்சதும் காது ரெண்டும் 30 டாண்ணு நிக்குது, நடு மட்டும் 100.8. ஃபிரேமுக்குள்ள இறங்க மாட்டேங்குது. ஷீட் மெட்டல் ரூல்ல எதையும் மாத்தல: வளைவோட உள் ஆரம் தடிமன் அளவே, கே-ஃபாக்டர் (வளைக்கும்போது நீளாம, சுருங்காம இருக்கிற கோடு உள்பக்கத்துல இருந்து தடிமன்ல எத்தனை பங்குல இருக்குங்கிற எண்) 0.44. வளைக்கிற கடை பினாங்கு புக்கிட் மிஞ்ஞாக்ல, வி12 டை (12 மிமீ அகல வி பள்ளம் உள்ள அச்சு) போடுறாங்க. கே-ஃபாக்டரை எவ்வளவு குறைக்கலாம்?

வி_டை:

கே-ஃபாக்டர் மேல கை வைக்காதீங்க தம்பி. தப்பு ஆரத்துல இருக்கு.

டை அடி வரைக்கும் அமுக்காம அந்தரத்துல வளைக்கும்போது உள் ஆரத்தைத் தீர்மானிக்கிறது வி வாயோட அகலம். மேல இருந்து அமுக்குற பன்ச் முனை அந்த ஆரத்தைவிடக் கூரா இருந்தா அதுக்கு இதுல வேலையே இல்ல. சாதா இரும்புத் தகட்டுக்கு ஆரம் வி அகலத்துல சுமார் 16 சதவீதம், எஸ்யுஎஸ் 304-க்கு 20 சதவீதம் பக்கம். வி12-னா உங்களுக்கு வர்றது 2.4. நீங்க வரைஞ்சது 1.5.

90 டிகிரிக்குக் கணக்கு இதுதான்:
வளைவு நீளம் = 1.5708 × (உள் ஆரம் + கே × தடிமன்)
கழிவு (வெளி அளவுகளைக் கூட்டி, அதுல ஒரு வளைவுக்குக் கழிக்க வேண்டியது) = 2 × (உள் ஆரம் + தடிமன்) − வளைவு நீளம்

ஆரம் 1.5 போட்டா கழிவு 2.61. 2.4 போட்டா 2.99. வித்தியாசம் ஒரு பெண்டுக்கு 0.386, ரெண்டுக்கு 0.77. உங்க 0.8 இங்கதான் ஒளிஞ்சிருக்கு. சரியான ஃபிளாட் 160 (100 + 30 + 30) − 5.99 = 154.01.

காது ஏன் சரியா வந்துச்சுன்னா, பெண்டிங் போடுறவர் மெஷினோட பின்பக்க ஸ்டாப்பரைக் காதுக்குத்தான் செட் பண்றார். 30 வர்ற வரைக்கும் ஸ்டாப்பரை நகர்த்துவார். மிச்சம் இருக்கிற நீளமெல்லாம் நடுவுல போய் விழும். அதனால நடு கூடினா மெஷினைக் குறை சொல்லாதீங்க, ஃபிளாட்டைப் பாருங்க.

ரூல்ல ஆரத்தை 2.4 ஆக்குங்க. ஏதாவது ஒரு காதுல ஆரத்தைக் கையால நம்பரா அடிச்சிருந்தா அது மாறாது, ஒவ்வொண்ணா திறந்து பாருங்க. மூலை வெட்டு இருந்தா அதோட ஆழமும் ஆரம் + தடிமன், அதாவது 3.9 வேணும். பழைய 3.0-லயே விட்டா வளைவு ஓரத்துல தகடு கிழியும்.

பாயான்லெப்பாஸ்_கேட்:

அண்ணன் சொன்ன 20 சதவீதம் ஆரம்பிக்க நல்ல எண், ஆனா அதை நம்பி 200 துண்டு வெட்டிடாதீங்க. அதே தகட்டுல 100 × 50 துண்டு நாலு வெட்டச் சொல்லுங்க, ரெண்டு தகடு உருட்டின திசையில, ரெண்டு குறுக்கே. அதே வி12-ல நடுவுல 90-க்கு வளைச்சு, ரெண்டு காலோட வெளி அளவையும் கூட்டி 100-ஐக் கழிங்க. வர்றதுதான் உங்க கழிவு. கூட்டினா 102.99 வந்தா கழிவு 2.99, கே 0.44-ன்னு திரும்பக் கணக்குப் போட்டுக்கலாம்.

அளக்கும்போது ரெண்டு இடத்துல ஏமாறுவோம். ஒண்ணு, மேல ஒட்டின பிளாஸ்டிக் ஃபிலிம். அளக்கிற இடத்துல உரிச்சுடுங்க. 1.5-ன்னு வாங்கின தகடு உரிச்சு அளந்தா 1.45 வர்றது சகஜம். இன்னொண்ணு கோணம். 304 நல்லாவே திரும்பி விரியும். 92-ல நிக்கிற துண்டை 90-ன்னு நினைச்சு அளந்தா அந்த எண் குப்பை.

என்னைக் கேட்டா கே-ஃபாக்டரே வேண்டாம், தகடு வகை, தடிமன், வி அகலம் மூணுக்கும் ஒரு கழிவு அட்டவணை போதும். சாலிட்வொர்க்ஸ்ல கழிவை நேரடியாவே கொடுக்கலாம். ஆனா 90-க்கு எடுத்த கழிவு 90-க்கு மட்டும்தான். 135-க்கோ ஓரம் மடிக்கிறதுக்கோ தனியா சோதிக்கணும்.

பிறை_ஷீட்மெட்டல்:

நன்றிண்ணே, ரெண்டு பேருக்கும். ஆரம் மாத்தினதும் 154.01 வந்துடுச்சு, சோதனைத் துண்டும் வெட்டச் சொல்லிட்டேன். இன்னொரு சந்தேகம். அமெரிக்க கஸ்டமர் அனுப்பின ஸ்டெப் ஃபைல் (வேற சாஃப்ட்வேர்லயும் திறக்கிற 3டி மாடல்), ஷீட் மெட்டலா மாத்தி 1.5 போட்டா ஃபிளாட்டே விரிய மாட்டேங்குது.

பாயான்லெப்பாஸ்_கேட்:

முதல்ல மாடலோட தடிமனை அளங்க. 1.5875 வந்தா அது 16 கேஜ் ஸ்டெயின்லெஸ், 0.0625 அங்குலம். மாடல் ஒரு தடிமன், நீங்க அடிச்சது ஒரு தடிமன்னா சாஃப்ட்வேர் விரிக்காது. நம்பரை மட்டும் மாத்தி ஏமாத்த முடியாது. வெளி அளவு முக்கியம்னா வெளிப்பக்க முகங்களை மட்டும் எடுத்து, உள்பக்கமா 1.5 தடிமன் கொடுங்க. 1.5 போடலாமான்னு கஸ்டமர்கிட்ட எழுத்துல வாங்கிட்டுத்தான்.

தடிமன் சரியா இருந்தும் விரியலன்னா வளைவைப் பாருங்க. வெளி ஆரம் − உள் ஆரம் = தடிமன் இருக்கணும். உள்ளயும் வெளியயும் ஒரே 2 மிமீ ஆரம் போட்டு அனுப்புறவங்க நிறைய. மூலை ஒட்டி மூடியிருந்தாலும் விரியாது, 0.2 இடைவெளியாவது வெட்டணும். எம்பாஸ், காத்துத் துளை மாதிரி இழுத்து எழுப்பின இடங்களும் விரியாது. அதைத் தட்டையாக்கிட்டு இடத்தை மட்டும் கோடா குறிச்சுக் கொடுங்க.

வி_டை:

ஒண்ணு விட்டுப்போச்சு. வி12-க்குக் காது குறைஞ்சது 8.5 மிமீ வேணும், இல்லன்னா ஓரம் டை வாய்க்குள்ள நழுவிடும். வளைவுக் கோட்டுல இருந்து 6 மிமீக்குள்ள துளை விழுந்தா முட்டை வடிவமா இழுக்கும். லேசர் கடைக்குக் கொடுக்கிற டிஎக்ஸ்எஃப் வரைபடம் எடுக்கும்போது வளைவுக் கோட்டைத் தனி லேயர்ல போட்டு, அந்த லேயர் பேரை லேசர் கடைக்குச் சொல்லிடுங்க. சொல்லலன்னா வளைவுக் கோட்டையும் வெட்டிடுவாங்க, மூடி மூணு துண்டா வந்து சேரும்.