ஸ்டான்லி பூங்காவின் டோட்டம் கம்பங்கள் யாருடையவை?

மழைக்காடன்:
கனடாவின் வான்கூவர் நகரத்து ஸ்டான்லி பூங்காவில், ப்ராக்டன் முனையில் நிற்கும் டோட்டம் கம்பங்களை (குலச் சின்ன உருவங்கள் செதுக்கிய உயர மரத் தூண்களை) “அந்த இடத்துப் பழங்குடிகளே செதுக்கி நட்டார்கள்” என்று ஒருவர் நேற்று இங்கே எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 1920களில் நகரத்து ஆட்கள் அலர்ட் பே போன்ற வடக்கு ஊர்களிலிருந்து வாங்கி வர ஆரம்பித்த கம்பத் தொகுப்பு அது. இப்போது நிற்கும் இடத்துக்கு வந்ததே 1960களில்தான். அந்த மண்ணுக்குரிய மஸ்குவியம், ஸ்குவாமிஷ், ஸ்லே-வாடூத் மக்கள் செதுக்கியது வீட்டுத் தூண்களை. தனியாக நிற்கும் உயரக் கம்பம் அவர்கள் வழக்கமே இல்லை.

ஊர்சுற்றி:
அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம். ஸ்குவாமிஷ் சிற்பி ராபர்ட் யெல்டன் செதுக்கிய கம்பம் 2009 முதல் அங்கே நிற்கிறது. அப்புறம் நான் சொன்னது எப்படித் தப்பு?

மழைக்காடன்:
அங்கே நிற்கும் ஒன்பது கம்பங்களில் அது ஒன்று! மற்றவை எங்கிருந்து வந்தன? அதற்குப் பதில் சொல்லுங்கள். நான் அந்த ஊரில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். பூங்காவுக்குள் லம்பர்மேன் வளைவுப் பக்கம் ஹ்வாய்ஹ்வாய் என்று ஒரு கிராமம் இருந்தது. தலைமுறை தலைமுறையாகத் தின்று போட்ட சிப்பி ஓடுகள் அங்கே மேடாகக் கிடந்தன. 1888இல் பூங்காவுக்குச் சாலை போட அந்த மேட்டைத்தான் வெட்டிப் பரப்பினார்கள். குடியிருந்தவர்களைக் கிளப்பிவிட்டு, வேறு ஊர்க் கம்பத்தை நட்டு வைத்தார்கள். அதைப் போய் “அவர்களே நட்டது” என்று எழுதினால் கோபம் வராதா?

கடல்நாரை:
இருவருக்கும் வணக்கம். கடற்கரைச் சாலையில் டென்னிஸ் மைதானத்தை ஒட்டிய மரங்களில் பெருநாரைகள் கூடு கட்டும். அடியில் நடைபாதையெல்லாம் எச்சம் விழுந்து வெள்ளையாக இருக்கும், மீன் கவிச்சி மூக்கைத் துளைக்கும். மேலே குஞ்சுகள் விடாமல் கத்தும். பூங்காவுக்குப் போகிறவர்கள் அதைப் பார்க்காமல் வராதீர்கள்.

ஊர்சுற்றி:
பார்த்தேன். ரக்கூனுக்கு பிஸ்கட்டும் கொடுத்தோம், கையிலிருந்தே வாங்கிக்கொண்டது. பிள்ளைகளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

கடல்நாரை:
ஐயா, என்ன வேலை செய்தீர்கள்? மனிதர்கள் தீனி போட்டுப் பழக்கியதால் கயோட்டிகள் (ஓநாய் இனத்துச் சிறு விலங்குகள்) பயம் விட்டுப்போய், 2020 கடைசியிலிருந்து 2021க்குள் 45 பேரைக் கடித்தன. கடைசியில் 11 கயோட்டிகளைக் கொன்றார்கள். இப்போது தீனி போட்டால் 500 டாலர் அபராதம்.

ஊர்சுற்றி:
நான் கொடுத்தது ரக்கூனுக்கு, கயோட்டிக்கு இல்லை. ஒரு பிஸ்கட்டுக்கு இவ்வளவு பேச்சா?

மழைக்காடன்:
பேச்சை மாற்றாதீர்கள். ஒன்பதில் எட்டு எங்கிருந்து வந்தன? போன வருஷம் பான்ஃப் பயணக் கட்டுரையிலும் இப்படித்தான், தப்பைச் சொன்னதும் நழுவினீர்கள். நேற்றைய பதிவில் பூங்காக் கரையில் நிற்கும் பாறையை “சிவாஷ் பாறை” என்றும் எழுதியிருக்கிறீர்கள். சிவாஷ் என்பது ‘காட்டுமிராண்டி’ என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து திரிந்த வசவு.

ஊர்சுற்றி:
வரைபடத்தில் இருந்த பெயரை எழுதினேன். பான்ஃப் கணக்கை இங்கே ஏன் தீர்க்கிறீர்கள்? யெல்டனின் அம்மா ப்ராக்டன் முனையிலேயே குடியிருந்தவர். அந்தக் கம்பம் அந்த மண்ணுடையது. என் வரியை மாற்ற மாட்டேன்.

மழைக்காடன்:
அந்த ஒன்றை நான் மறுக்கவே இல்லை. எட்டைப் பற்றித்தான் கேட்கிறேன். எட்டு.